முதல் தட்டிலே இழுக்காதிருங்கள்



இந்த வாரச் சிந்தனையை ஓர் ஆற்றங்கரையிலிருந்து உங்களுக்குக் கொண்டுவருகிறேன். ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், சர்ரே பகுதியில் ஓடும் மோல் ஆற்றின் கரையில் இரண்டரை மணிநேரம் செலவிட்டேன். டார்க்கிங், லெதர்ஹெட் ஆகிய ஊர்களைக் கடந்து, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிரே தேம்ஸ் நதியோடு கலக்கிற சிறிய ஆறு அது. உங்களில் பலர் அந்த ஆற்றுப் பாலத்தின்மேல் காரில் போயிருப்பீர்கள், ஆற்றைக் கவனித்திருக்கமாட்டீர்கள். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் போய்வந்தேன்.

நான் அங்கே போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வேண்டும்.

நம்மோடு நெடுநாள் ஆராதித்துவந்த சகோதரர் ஒருவருடைய மனைவி சென்ற செப்டம்பர் மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்து மூன்றாம் வாரம் அவர் வீட்டுக்குச் சென்றேன். எதிரெதிரே அமர்ந்தோம். சற்று நேரம் கழித்து அவர், “இரவில வீடு சத்தமில்லாமக் கிடக்கு, பாஸ்டர்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உடனே நான் வேதத்தைத் திறந்தேன். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் குறித்து வாசித்தேன், விளக்கினேன், ஜெபித்தேன். அன்று மாலை இன்னும் இரண்டு வீடுகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டேன். அவர் வாசல்வரை வந்து நன்றி சொல்லி வழியனுப்பினார். அதன்பின் அவர் ஆலயத்துக்கு வரவில்லை.

அன்று நான் சொன்னவை யாவும் உண்மை. ஆனால் உண்மையானவற்றைச் சொல்லியே ஒரு மனிதனின் வாயை அடைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அவர் இடம் காலியாக இருந்தபோதுதான் நெஞ்சில் உறுத்தியது. தொலைபேசியில் அழைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் “இருக்கிறன்” என்பார். ஆலயத்துக்கு வாருங்கள் என்றால் “பார்ப்பம்” என்பார். ஜனவரியில் ஒரு நாள் வேறு வழி தெரியாமல், “அண்ணன், நீங்கள் ஆற்றுக்கு மீன்பிடிக்கப் போவீர்களே, நானும் கூட வரலாமா?” என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “வாங்கோ பாஸ்டர். ஆனா அங்க கதைக்கக்கூடாது. மீன் போயிடும்” என்றார்.

இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார். மீனைப் பற்றி மட்டும் பிழையில்லாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டார். ஆகவே அதை முதலில் எழுதுகிறேன்.

அவர் தேடிச் செல்லும் மீனுக்கு இந்நாட்டில் சப் என்று பெயர். கெண்டை மீன்களின் உறவினம். பருத்த தலையும், அகன்ற வாயும், வெளிறிய உதடுகளும், பித்தளை நிறம் கொண்ட பெரிய செதில்களும் உடையது. வாயின் முன்புறம் பல் கிடையாது. இரையை அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அதனால் விரலை உள்ளே விடக்கூடாது என்று அண்ணன் எச்சரித்தார். குளிர்காலத்தில் ஆறு சில்லிட்டுப்போனால் பல மீன்கள் இரையெடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. சப் மீனோ அந்தக் குளிரிலும் ஏதாவது உண்ணும். ஆனால் மிகவும் அச்சமுள்ளது. தண்ணீரின்மேல் சாய்ந்த மரக்கிளைகளின் கீழே, வெள்ளத்தில் அடித்துவந்த சுள்ளிகளும் சருகுகளும் சேர்ந்து கூரைபோல் மிதக்கும் இடங்களில் ஒதுங்கியிருக்கும். வேண்டியபோது மட்டும் வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போய்விடும்.

யாழ்ப்பாணக் கரையோரத்தில் பிறந்த அண்ணன், கடல் மீனை வலையில் பார்த்து வளர்ந்தவர். இந்த ஆற்றுமீனைப் பிடிக்க, இங்கு வந்தபின் தம்மோடு வேலைசெய்த ஓர் ஆங்கிலேயரிடம் கற்றுக்கொண்டாராம். நான் தாமிரபரணி வாய்க்காலில் மண்புழுவைத் தூண்டிலில் கோத்து வளர்ந்தவன். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். சுற்றுச்சூழல் முகமையின் ஒரு நாள் தூண்டில் உரிமத்தை முன்னதாகவே வாங்கியிருந்தேன். அந்தக் கரையில் மீன்பிடிக்க அவருடைய சங்கத்திலிருந்து எனக்கு ஒரு விருந்தினர் சீட்டையும் அவர் பெற்றுவைத்திருந்தார்.

இரண்டரை மணிக்கு வயல்வெளியின் வாசலில் காரை நிறுத்தினோம். முந்தின வாரம் பெய்த மழையில் பெருகியிருந்த ஆறு வடிந்துகொண்டிருந்தது. களிமண் நிலத்தின் வழியே வருவதால் மழை பெய்தால் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும் ஆறு அது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அண்ணன் ஒரு வெப்பமானியை நூலில் கட்டி ஆற்றில் விட்டுப் பார்த்தார். ஆறு பாகை. “காணும்” என்றார். போதும் என்று பொருள்.

அவர் ஒரு வாளியில் பழைய ரொட்டியை ஊறவைத்துப் பிசைந்து கொண்டுவந்திருந்தார். அவர் மொழியில் அது பாண். நாங்கள் முதலில் தூண்டில் போடவே இல்லை. கரையோரமாக நடந்து, மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு பிடி பாணைத் தண்ணீரில் போட்டுவிட்டு அங்கே நில்லாமல் கடந்துபோனோம். மீன் அதைக் கண்டு, தயங்கி, பயம் தெளிந்து, தானாகத் தின்னட்டும் என்று விட்டுவிட வேண்டுமாம். அதிகம் போட்டால் வயிறு நிறைந்துவிடும். கொஞ்சம் போட்டுவிட்டு விலகிப்போக வேண்டும். பிறகு திரும்பி வர வேண்டும்.

திரும்பி முதல் இடத்துக்கு வந்தபோது நான் வழக்கம்போல வேகமாக நடந்து, கரை விளிம்பில் ஊன்றி நின்றேன். அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். மீனின் உடலின் இரு பக்கமும் ஓடுகிற உணர்வுக்கோடு தண்ணீரின் சிறு அதிர்வையும் அறியும். கனத்த காலடி நிலத்தின் வழியே நீருக்குள் செல்லும். “மெல்ல நடவுங்கோ, பாஸ்டர். வந்தது நாங்கள் எண்டு அதுக்குத் தெரிஞ்சு போச்சு” என்றார். அரைமணி நேரம் அங்கே காத்திருந்தோம். தூண்டிலின் நுனி அசையவே இல்லை.

இரண்டாம் இடத்தில் தூண்டிலை என் கையில் தந்தார். புதிய ரொட்டியின் வெள்ளைப் பகுதியில் ஒரு துண்டைப் பிய்த்து, கொக்கியின் தண்டைச் சுற்றி அழுத்தி, ஓரங்களைப் பஞ்சுபோல் விட்டுவைத்தார். தண்ணீரில் அது ஊறி விரியும். இழையில் இரண்டு சிறிய எடைக்குண்டுகள் இருந்தன. அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், இப்படிப்பட்ட சிறு ஈயக்குண்டுகள் 1987 முதல் இங்கே தடைசெய்யப்பட்டிருக்கின்றன. இவை வேறு உலோகத்தால் ஆனவை. கம்பின் நுனி மிக மெல்லியது, நிறம் தீட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சில நிமிடங்களில் அந்த நுனி ஒருமுறை துடித்தது. நான் சட்டென்று இழுத்தேன். வெறும் கொக்கி மேலே வந்தது.

அண்ணன் கோபப்படவில்லை. என் பக்கம் குனிந்து காதருகே சொன்னார்: “அது கடிக்கேல்லை, பாஸ்டர். உதட்டாலை தொட்டுப் பார்க்குது. முதல் தட்டுக்கு இழுத்தால் பயந்து போயிடும். ரெண்டு தரம் தட்டும், மூண்டு தரமும் தட்டும். கையை வச்சுக்கொண்டு சும்மா இருக்கவேணும். பிறகு தானாக எடுத்துக்கொண்டு போகும். அப்ப நுனி வளையும். அதுதான் நேரம்.”

பிரியமானவர்களே, இறையியல் கல்லூரியில் ஆறுதல் ஊழியத்தைக் குறித்து நான் ஒரு முழுப் பாடமே படித்தவன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பாடத்தை அன்றைக்குத்தான், மூன்று பாகைக் குளிரில், ஈரப் புல்லின்மேல் அமர்ந்து கற்றுக்கொண்டேன். “இரவில வீடு சத்தமில்லாமக் கிடக்கு” என்று அவர் சொன்னாரே, அது முதல் தட்டு. என்னிடம் பேசலாமா என்று தம் துக்கத்தின் உதட்டால் அவர் தொட்டுப் பார்த்தார். நான் இழுத்துவிட்டேன்.

யோபு பக்தனின் மூன்று சிநேகிதரை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கடிந்தே நாம் பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் யோபு இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் அவர்கள் செய்தது மிகவும் அருமையான காரியம். அவனுடைய துக்கம் மகா பெரியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மௌனத்தை முதலில் கலைத்தவன் யோபுதான். அவன் மனக்கசப்போடு பேசத் தொடங்கியவுடனே அவர்களால் பொறுக்க முடியவில்லை. பதில் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னவற்றிலும் அநேகம் கேட்பதற்கு நல்ல உபதேசமாகவே இருக்கும். ஏழு நாள் காத்திருந்தவர்கள் முதல் தட்டிலே இழுத்துவிட்டார்கள். நானோ ஏழு நிமிடமும் காத்திருக்கவில்லை.

மூன்றாம் இடத்துக்குப் போகும்போது நாலு மணியாகிவிட்டது. சாய்ந்த வில்லோ மரம் ஒன்றின் அடியில், சருகுகள் திரண்டு மிதந்த இடம். இந்த முறை நான் முழங்காலிட்டே நகர்ந்தேன். அண்ணன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். நீலப் பூசணம் பிடித்த சீஸையும் மாவையும் சேர்த்துப் பிசைந்த இரை அது. அந்த வாடைக்கு சப் மீன் வருமாம். எனக்கோ மூச்சு முட்டியது. கொக்கியில் ஓர் உருண்டையைப் பொதிந்து, கிளையின் கீழே மெல்ல விட்டார். பிறகு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு ராபின் குருவி வாளியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து பாண் துணுக்கு ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது.

நுனியைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார். “அவ இருந்த காலத்தில இந்தச் சீஸை வீட்டுக்குள்ள கொண்டுவர விடமாட்டா. வெளியில கராஜுக்குள்ளதான் வைக்கவேணும். இப்ப பிரிட்ஜுக்குள்ளயே வைக்கிறன். பேசுறதுக்கு ஒருத்தரும் இல்லை.”

என் வாயில் வார்த்தைகள் வந்து நின்றன. நாற்பது வசனங்கள் எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவருடைய மூச்சு புகையாய் வெளியே வந்து கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, ஊழியத்தில் நான் அவ்வளவு கடினமான எதையும் செய்ததாக நினைவில்லை. பிறகு அவர் மறுபடியும் பேசினார். மருத்துவமனையின் கடைசி வாரத்தைப் பற்றிப் பேசினார். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

நாலரை மணியைத் தாண்டி, மரமும் நீரும் ஒரே நிறமாகிற வேளையில் நுனி தட்டியது. அவர் அசையவில்லை. மறுபடி தட்டியது. பிறகு மெல்ல, உறுதியாக வளைந்தது. அவர் கம்பைத் தூக்கினார். மீன் கிளைகளுக்குள்ளே ஓடப் பார்த்தது; அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அது பக்கம் சாய்ந்து வர, நான் வலையை நீட்டினேன். மூன்றரை றாத்தல் இருக்கும் என்றார். நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கைகளை நனைத்துக்கொண்டு, ஈரமாக்கிய விரிப்பின்மேல் கிடத்தி, கொக்கியை எடுத்தார். அந்த மங்கலிலும் செதில்கள் துலக்கிய குத்துவிளக்கைப்போல் மின்னின.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. இந்நாட்டு ஆறுகளில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சப் மீனை எடுத்துச் செல்ல விதி இடங்கொடுப்பதில்லை. விதி இல்லாவிட்டாலும் சமைப்பதால் பயனில்லை, முழுவதும் முள் என்றார் அண்ணன். அவர் மீனைத் தண்ணீருக்குள் இறக்கி, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தள்ளிவிடவில்லை. செவுள்கள் அசைந்தன. பலம் திரும்பியபோது அது தானாகவே அவர் கைகளைவிட்டுப் போயிற்று. அதுவரை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அவர் கைகள் இருந்தன.

வீட்டுக்கு வந்தபின் ஐசக் வால்டன் என்பவரைப் பற்றி வாசித்தேன். 1653-ஆம் ஆண்டில் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்ற புகழ்பெற்ற தூண்டில் நூலை எழுதியவர். சப் மீனுக்கென்றே அதில் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். போதகர்களுக்கு நெருங்கிய நண்பர். ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் ஆகிய குருவானவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதினார். அமைதி நிறைந்த அந்த நூலை எழுதிய கை, அதற்கு முன்பே முதல் மனைவியையும் அவரிடத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாரையும் கல்லறையில் வைத்த கை. இதை அறிந்தபோது, அண்ணன் ஏன் ஆற்றுக்குப் போகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கேள்வி கேட்காமல் தன்னருகில் உட்காரவிடுகிற ஓர் இடம் அவருக்குத் தேவையாக இருந்தது. அந்த இடம் நம் சபையாக இருந்திருக்க வேண்டும்.

காரில் திரும்பும்போது அவரே சொன்னார்: “அண்டைக்கு நீங்கள் ஜெபிச்சது பிழையில்லை, பாஸ்டர். ஆனா நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை.”

“மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணன்” என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வந்தார் என்று எழுதி முடித்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அவர் வரவில்லை. இன்னும் வரவில்லை. ஆனால் மறுவாரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: செவ்வாய் மழை இல்லையாம், பழைய பாணை எறியாமல் வைத்திருக்கவும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தூண்டில் போடக்கூடாது. அதற்குள் இன்னும் சில செவ்வாய்க்கிழமைகள் இருக்கின்றன. நான் போவேன்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். நெடுநாள் காணாத ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமரக்கூடும். அன்று எல்லாரும் எழுந்து அவரைச் சூழ்ந்துகொள்ளாதிருங்கள். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேளாதிருங்கள். ஒருவர் மட்டும் மெல்லச் சென்று பக்கத்தில் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேளுங்கள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருங்கள். உங்கள் வீட்டிலும், உங்கள் தெருவிலும் அப்படிப்பட்ட ஒருவர் இந்த வாரம் இருக்கலாம். கொஞ்சம் ரொட்டியைக் கொண்டுபோங்கள். காலடி மெல்லவே இருக்கட்டும்.

அன்பின் பிதாவே, நாங்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்கிற உம்முடைய செவிக்காக உம்மைத் துதிக்கிறோம். துக்கப்படுகிறவர்களின் அருகில் அமைதியாய் அமர்ந்திருக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் அவசரத்தால் காயப்பட்டவர்களை நீரே தாங்கிக்கொள்ளும். அவர்கள் பலம் திரும்பும்வரை உம்முடைய கரம் அவர்களை விடாதிருப்பதாக. இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்